சிவக்கும் தொட்டி

புரோமின் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைத் தொட்டியின் நிறமே சொல்லிவிடும். சார்ஜ் ஏறும்போது நீரில் கரைந்திருக்கும் புரோமைடு, எலக்ட்ரானை இழந்து புரோமினாகும், திரவம் சிவக்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க, புரோமின் எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுப் புரோமைடாகும், திரவம் தெளியும்.

பழைய தொட்டியை வெட்டி எடுக்க வந்திருந்தவன், டெக்னீஷியனின் சொந்தத் தம்பி. சிவந்திருக்கும்போது திறந்தால் புரோமின் புகை நுரையீரலை அரித்துவிடும். அதனால் டெக்னீஷியனான அக்கா காலையிலேயே சார்ஜ் முழுவதையும் இறக்கி, கம்பிகளைக் கழற்றிவிட்டாள். இருவரும் டீ குடித்துவிட்டு வந்தபோது தொட்டி சிவந்திருந்தது.

"தண்ணி மாதிரி இருக்கும்னியேக்கா? என்னை உயிரோட வீட்டுக்கு அனுப்புற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"சும்மா இருடா. உனக்கு வாய்தான் முதல்ல வேலை செய்யும்."

திரவத்தைச் சுற்றவிடும் பம்பை ஓட்டி, பேட்டரியில் ஒரு சிறிய பல்பை மாட்டினாள். பல்பு எரிந்தது. திரவம் வெளுத்திருக்க வேண்டும், இன்னும் சிவந்தது. மீட்டரைப் பார்த்தாள். மின்சாரம் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்தது. பல்புக்குப் போகும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனாள். அந்தப் பல்பைத் தவிர வேறெதுவும் அதில் இணைந்திருக்கவில்லை.

ஒரு முனையைக் கழற்றினாள். பல்பு அணைந்தது, சிவப்பு ஏறுவதும் நின்றது. திரும்ப மாட்டினாள். பல்பு எரிந்தது, திரவம் சிவந்தது.

"வெட்டாதடா," என்றாள். கண் மீட்டரை விட்டு அகலவில்லை. "இதைவிடப் பெரிய பல்பு இருக்கா?"

"வண்டியில இருக்கு. உனக்குப் பயமே கிடையாதாக்கா?"

முணுமுணுத்துக்கொண்டே போனவன், பெரிய பல்பை இரண்டு கைகளாலும் ஏந்தி, மிக மெதுவாக நடந்து வந்தான். அதை இன்னும் எதிலும் மாட்டவில்லை. அது எரிந்துகொண்டிருந்தது.