தலைக்குள் இல்லாத சாயம்

மாதேஸ்வரி பூச்சி ஆய்வகத்தின் நீல விளக்கடியில் அந்தப் பழ ஈயை மூன்றாம் முறையும் புரட்டிப் பார்த்தாள். அது மின்னவில்லை. ஈ பெருகாமலிருக்க அரசு மலடாக்கிப் பறக்கவிடும் ஈக்களெல்லாம் சாயத்தில் மின்னும். இது காட்டு ஈ. அகப்பட்டதோ அவள் தம்பி திம்மராயனின் மாந்தோப்புப் பொறியில். ஒரு காட்டு ஈ கிடைத்தாலும் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மாமரங்களை வெட்டிவிட வேண்டும் என்பது மூன்று மாநில ஒப்பந்தம்.

தம்பி போனில் கேட்டான். "என்னக்கா, எல்லாம் மேக்கப் போட்ட ஈதானே?"

"எல்லாம் மின்னுதுடா. போயி தண்ணி கட்டுற வேலயப் பாரு."

பொய் முதலில் வாயில்தான் வந்தது. பிறகே விரல் சாயத்தூளைத் தொட்டு ஈயின் இறக்கையில் தடவியது. அந்த ஈ இருந்த பெட்டி மறுபரிசோதனைக்கு ஆந்திராவுக்குப் போனது; ஒரு மாநிலப் பெட்டியை இன்னொரு மாநிலம் பார்ப்பது ஒப்பந்த விதி. சாயம் பூசிய கூட்டை உடைத்து வந்த ஈக்குத் தலைக்குள்ளும் சாயம் இருக்கும். அங்கே யாராவது தலையை நசுக்கிப் பார்ப்பார்களோ என்று இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஆந்திரப் பெட்டி அவளிடம் பரிசோதனைக்கு வந்தது. எல்லா ஈக்களும் மின்னின. ஒன்றின் இறக்கையில் மட்டும் சாயம் விரலால் தடவியதுபோல் அப்பியிருந்தது. அதன் தலையை ஊசியால் நசுக்கினாள். உள்ளே சாயமே இல்லை.

அங்கேயும் யாருக்கோ ஒரு தம்பி. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேஜையில் கர்நாடகப் பெட்டி மிச்சமிருந்தது. அதைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.