நாலு மணிக்குள் ஒரு கல்யாணம்

"மாப்பிள்ளை முகமே தெரியலைங்க. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்க."

செர்காசி நகரத் திருமணப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் ரயீசா மூன்றாவது முறையாகச் சொன்னாள். சிக்னல் கிடைக்கட்டும் என்று, சாட்சியாக வந்திருந்த ஸ்டெபானியா கைபேசியை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். திரையில் தாடியெல்லாம் சேறாக மாப்பிள்ளை ஓஸ்தப் அசைந்தான், உறைந்தான், மறுபடி அசைந்தான்.

"பதுங்குகுழிக்குள்ள இதுக்கு மேல வெளிச்சம் ஏதும்மா? நாலு மணிக்கு எங்களை முன்னால அனுப்புறாங்க. அங்க போன் எடுக்காது. சீக்கிரம் முடிங்க."

மணி மூன்றே கால்.

மணப்பெண் போக்தானா சக்கர நாற்காலியில் கொட்டாவி விட்டபடி இருந்தாள். பஸ் நிறுத்தத்தில் விழுந்த குண்டு அவளுடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. ஊனச் சான்றிதழ் மடியில் இருந்தது. இப்படி ஒரு மனைவி இருக்கிறாள் என்று காகிதம் போனால், அவளைப் பார்த்துக்கொள்ள ஓஸ்தப்பைப் படையிலிருந்து விட்டுவிடுவார்கள். மூன்று வருடமாகப் போர்முனையில் கிடப்பவன். இன்றைக்குப் பதிவானால் வீடு வந்து சேருவான். தவறினால், நாலு மணிக்கு மேல் என்ன ஆகும் என்று நினைக்க ஸ்டெபானியாவுக்குத் தெம்பு இல்லை.

"கால் போனப்ப எப்படி அழுதேன்! இப்ப பாருக்கா, அந்தக் காலு ஒரு ஆளை வீட்டுக்கு நடத்திக் கூட்டிட்டு வருது," என்றாள் போக்தானா.

"பேசாம இரு. காலரைப் பாரு, கோணிக்கிட்டு."

வீட்டில் லிஃப்ட் ஓடாததால், நாலாவது மாடியிலிருந்து அவளை நாற்காலியோடு இறக்கியதில் ஸ்டெபானியாவின் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

"ஸ்டெபா, சாப்பிட்டியா?" என்றது கைபேசி.

"இங்க கல்யாணம் நடக்குது. பொண்ணைக் கேளு."

"அதானே! எனக்கும்தான் பசிக்குது," என்றாள் போக்தானா.

ரயீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிவத்தில் மாப்பிள்ளைக்கும் சாட்சிக்கும் குஷ்னிர் என்று ஒரே குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்தவள், "மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்கமேல இருக்கற பாசம் பொண்ணுமேல இல்லையே! நீங்க அவருக்கு அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டாள்.

"அம்மா, நேரம் ஆகுது," என்று கைபேசிக்குள் ஓர் அதிகாரியின் குரல் அதட்டியது. ரயீசா அவசரமாகச் சாட்சியிடம் பேனாவைத் தள்ளினாள். ஸ்டெபானியா கையெழுத்துப் போட்டாள்.

"ஓஸ்தப் குஷ்னிர், போக்தானாவை மனைவியா ஏத்துக்கச் சம்மதமா?"

திரை உறைந்தது. ஐந்து நொடி. பத்து நொடி. ஸ்டெபானியா திரையையே பார்த்தாள்.

"சம்மதம்," என்றது குரல்.

"அட, போனை உங்க பக்கமே வச்சிருந்தா எப்படி? பொண்ணு அந்தப் பக்கம்! திருப்புங்க. இன்னொரு தடவை சொல்லட்டும்."

கைபேசி திரும்பியது. ஓஸ்தப் இன்னொரு தடவை சொன்னான், இந்த முறை மெதுவாக. போக்தானாவும் சொன்னாள்.

ரயீசா முத்திரையை எடுத்தாள். கை பாதியில் நின்றது.

"ஒரு தாள் குறையுதே. மாப்பிள்ளைக்கு இது ரெண்டாம் கல்யாணம்னு போட்டிருக்கு. விவாகரத்துச் சான்றிதழ் எங்க? அது இல்லாம முத்திரை குத்த முடியாது."

போக்தானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்டெபானியா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவி மேஜைமேல் வைத்தாள்.

ரயீசா படித்தாள். தேதி போன மாதத்தது. அடுத்த வரியைப் படித்ததும் பார்வை பதிவேட்டுக்குத் தாவியது. அங்கே சாட்சிக் கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. சான்றிதழில் மனைவி என்ற இடத்திலும் அதே பெயர்தான் இருந்தது.

"குத்துங்கம்மா," என்றாள் ஸ்டெபானியா. "மணி மூணே முக்கால் ஆச்சு."