கட்டில் பக்கம் சாயும் பூ

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து பாதி அறையோடு நின்றுவிடுகிறது. மீதிப் பாதியில் கட்டில். பக்கவாதம் வந்த நாளிலிருந்து பேச்சும் அசைவும் இல்லாமல், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார் தாவரவியல் பூங்காவின் தோட்டக்காரர். ஜன்னல் விளிம்பில் ஒரு மண்தொட்டி. மலைச்சரிவில் அவர் தேடிக் கண்டெடுத்த செடி. அந்த இனத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். வருடந்தோறும் தண்டு காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கி, மழைக்கு மறுபடி துளிர்க்கும். பூத்ததே இல்லை. இன்று பூத்திருக்கிறது, சாம்பல் வெள்ளையில், நடுவில் மட்டும் ஈரமான கருஞ்சிவப்பாக. வெளிச்சத்தை விட்டுவிட்டுத் தண்டு கட்டிலை நோக்கி வளைந்திருக்கிறது.

"என்னக்கா இது, பூ மாமாவையே பாக்குது?" என்கிறாள் அவரைப் பார்க்க வந்த, அவர் மனைவியின் தங்கை.

"மொட்டுலேர்ந்தே இப்படித்தான். திருப்பித் திருப்பி வெச்சாலும் விடிஞ்சா அவர் பக்கம் வந்துடுது."

"எனக்கு இது சரியாப் படலக்கா. பூங்காவுக்கே குடுத்துடேன்."

"வேற கை பட்டா பட்டுப்போயிடும்டி. அப்புறம் அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அக்கா தொட்டியை இரு கைகளாலும் பிடித்து மெல்ல ஜன்னல் பக்கம் திருப்புகிறாள். தொட்டியின் அடி கல்லில் உரசுகிறது. பின்னால் கட்டில் முனகுகிறது. தங்கை அவள் தோளை இறுகப் பற்றுகிறாள். தலையணையில் அவருடைய முகம், சுவரை விட்டு, பூ திரும்பிய பக்கமே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது.