ஆள் இல்லாத வயல்

"19-8-2005, வெள்ளி. இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஆள் வேண்டாம் என்று சொன்ன படத்தில் ஓர் ஆளை வரைந்துவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை."

நேற்று நோட்டில் எழுதிய அந்த வரிகளே எழிலின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அச்சகத்தின் ஓவிய அறையில் சுவரோடு ஒட்டி நின்றாள். காலண்டருக்கு ஆர்டர் கொடுத்த பட்டாசு முதலாளி அய்யாதுரை, அவள் வரைந்த படத்தின் மேல் குனிந்திருந்தார்.

ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் அவருடைய நிலம்தான் படம். இடிந்த பட்டாசு ஷெட்டும் கருகிய மண்ணும் தெரியக் கூடாது. பச்சை வயல், கிணறு, காளை மாடு போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"கரிசக்காட்டுல நெல்லு எங்கன விளைஞ்சுச்சு?" என்று அன்றைக்கே கேட்டாள் எழில்.

"காலண்டர்ல விளையும் தாயி. நீ பச்சையை அப்பு" என்று சிரித்தார் மேனேஜர் காசிராஜன்.

அப்பிக்கொண்டுதான் வந்தாள். ஷெட் இருந்த இடத்துக்கு வந்ததும் கை தன்னால் ஓர் ஆளை நிறுத்திவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஷெட் வெடித்தபோது அவள் அப்பா சங்கிலிமுத்துவும் உள்ளே இருந்தார்.

அம்மா முருகம்மாளுக்கு இன்னமும் இதே முதலாளியின் கம்பெனியில்தான் வேலை. மகள் குத்திக்காட்டுகிறாள் என்று இவர் நினைத்துவிட்டால், அம்மாவைக் கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

அய்யாதுரை லென்ஸை வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவு உருவம், அதுவும் முதுகு காட்டி நின்றது. ஆனால் லோடு தூக்கியே சாய்ந்துபோன அந்த இடது தோள்!

"ஆளு வேண்டாம்னுல்ல சொல்லிவிட்டேன்?"

"தெரியாம வரைஞ்சிட்டேன், மொதலாளி."

"சங்கிலிமுத்துல்ல இது?"

"எங்க... எங்கய்யாதான்."

காசிராஜன் பாய்ந்து வந்தார். "சின்னப் புள்ள, கிறுக்குத்தனம் பண்ணிருச்சு அண்ணாச்சி. ரெண்டு மரத்தைப் போட்டு மறைச்சிருதோம். ஏ புள்ள, பிரஷ்ஷை எடு!"

அவள் பிரஷ்ஷை எடுத்தாள்.

அய்யாதுரை லென்ஸைக் கீழே வைத்தார். அந்தச் சாய்ந்த தோளை ஒரு விரலால் தொட்டார்.

"மரம் கிரம்லாம் வேண்டாம்யா. உங்கய்யா மட்டும் தனியா நிக்காரே தாயி... அன்னைக்குக் கூட இருந்த நாலு பேரையும் நாளைக்கு வரைஞ்சிரு."