சூப் பரிமாற வந்தவள்

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மரக்காணம் உப்பளங்கள் மதிய வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. ஓட்டலுக்கு உள்ளே, சென்னையின் பெரிய வக்கீல் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்கத் தரும் விருந்தில், சட்டக் கல்லூரி மாணவி ஜான்சி எதிரே இருக்கும் மூத்த வழக்கறிஞர் தேவநாதனின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் எடுக்கும் கரண்டியைத்தான் அவளும் எடுக்க வேண்டும். சாப்பாட்டில் கை தவறினால் வேலையும் தவறும் என்று சொல்லித்தான் கல்லூரியில் அனுப்பியிருக்கிறார்கள். மடியில் விரித்த துணி வழுக்கிக்கொண்டே போகிறது. அவருக்குச் சூப் வைத்துவிட்டு அவள் பக்கம் வரும் பெண்ணை நிமிர்ந்து பார்த்தால், சொந்தச் சித்தி சகாயராணி. ஓட்டல் சீருடை, தலையில் வலை, உப்பு வாரிக் காய்த்துப்போன அதே விரல்கள். சித்தி முன்பின் தெரியாதவள்போல, "சூப் வைக்கட்டுங்களா மேடம்?" என்கிறாள். தட்டின்மேல் கோப்பை கிணுகிணுக்கிறது. "இங்க சர்வீஸ் ரொம்ப ஸ்லோ" என்று தேவநாதன் முகம் சுளிக்கிறார். "வை சித்தி" என்கிறாள் ஜான்சி, மேசை முழுக்கக் கேட்கும்படி. "என்னப் போயி மேடம்ன்ற?" தேவநாதனின் கரண்டி பாதி வழியில் நிற்கிறது. ஜான்சியின் தோளைத் தொட வந்த சித்தியின் கை, தொடாமலே திரும்பித் தட்டைப் பிடித்துக்கொள்கிறது.