படத்தில் இருப்பவர்

ஜெரால்டு போனைத் திருப்பிக் காட்டினான். கருப்பசாமியின் முகம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் இருந்தது.

விளம்பரத்தைத் தூக்கிவிட்டார்கள். விளம்பரம் போடுகிற கணக்கையும் சேர்த்து முடக்கிவிட்டார்கள்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெரால்டுக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே அக்கம்பக்கத்துப் பியூட்டி பார்லர், டியூஷன் சென்டர், பிரியாணிக் கடை என்று எல்லோருக்கும் சோஷியல் மீடியாவில் விளம்பரம் போட்டுக் கொடுப்பான். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான். இப்போது எல்லாமே நின்றுபோயிருந்தது.

“உங்க வீட்டுக்காரரால பிரியாணியும் படுத்துருச்சு அக்கா.”

சிரிக்கத்தான் சொன்னான். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. எப்போது திரும்ப வரும் என்று மட்டும் கேட்டாள்.

அவள் இப்போது குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள். முன்பு சித்தாள். கருப்பசாமி கம்பி கட்டுகிற சைட்டிலேயே கலவை சுமந்தவள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஃபரீதாபாத்தில் பாலம் வேலை என்று போனார். வேலை முடிந்தது, கூலியை வாங்கிக்கொண்டு வேற செட்டோடு கிளம்பிவிட்டார் என்றான் மேஸ்திரி. போன் அணைந்திருந்தது. போலீஸில், வளர்ந்த ஆள்தானே, வருவான் போ என்றார்கள்.

அதிலிருந்து வாடகை போக மிஞ்சுவதெல்லாம் விளம்பரத்துக்குத்தான்.

எந்த ஊருக்குப் போடுவது என்று அவள்தான் சொல்வாள். சூரத்தில் மெட்ரோ வேலை நடக்குதாம், சூரத்துக்குப் போடு. லூதியானாவில் பாலம் ஏறுதாம், அங்கே போடு. கம்பி இருக்கிற ஊரில்தானே கம்பி கட்டுகிற ஆள் இருப்பான்.

படம் அவள் எடுத்தது. கட்டுக்கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே ‘காணவில்லை’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி அவள் நம்பர்.

போன்கள் வந்தன. பார்த்தேன், பணம் அனுப்பு, சொல்கிறேன் என்பார்கள். குடித்துவிட்டு ஒருத்தன், அவர் கிடைக்கலேன்னா நான் வரட்டுமா என்று நல்ல தமிழில் கேட்டான்.

அவள் குடியிருக்கிற குடிசைப் பக்கம் இப்போது யாரும் அவர் பேரை எடுப்பதில்லை. தீபாவளிக்குக்கூட யாரும் விசாரிக்கவில்லை. இந்தக் கடையில் மட்டும்தான், வாசலில் அவள் தலையைக் கண்டதும், கருப்பசாமி விளம்பரம்தானே அக்கா என்று ஜெரால்டு கேட்பான். சில நாள் அதைக் கேட்கவே வருவாள்.

ஆளைத் தேடிப் போட்ட விளம்பரம், தப்பான விளம்பரம் இல்லை என்று ஜெரால்டு ஏற்கெனவே மேலே எழுதிப் போட்டிருந்தான். பதில் மத்தியானம்தான் வந்திருந்தது. கடையில் கூட்டம், இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான்.

“படத்துல இருக்கறவரே புகார் குடுத்திருக்காரு அக்கா. என்னைக் கேக்காம என் படத்தப் போடறாங்கன்னு.”

எவனாவது விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்றாள்.

அப்படிச் செய்ய முடியாது என்றான். புகார் கொடுக்கிறவர் போனுக்கு முன்னால் தன் முகத்தைக் காட்ட வேண்டும். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று கேட்கும். படமும் ஆளும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்ளும்.

கோவிந்தம்மாள் உட்கார்ந்தாள்.

உசுரோடு இருக்கிறார். கையில் போன் இருக்கிறது.

எங்கே சாரம் சரிந்தது, எங்கே கூரை விழுந்தது என்று கேள்விப்பட்டாலும், செத்தவர்கள் பேரைப் படிக்கச் சொல்லி இதே கடையில் வந்து நின்றிருக்கிறாள். இனி அது வேண்டாம். தலைச்சுமையை இறக்கியதும் கழுத்து தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது.

அப்புறம்தான் மற்றது உறைத்தது.

ஜெரால்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். மறுப்பு எழுதலாம். கல்யாணப் போட்டோ வைக்கலாம், போலீஸில் கொடுத்த காகிதம் வைக்கலாம். நான் அவர் பெண்சாதி என்று காட்டினால் போதும். அவனுக்கும் கணக்கு திரும்ப வேண்டும்.

அவள் காதில் அது எதுவும் ஏறவில்லை. இந்தத் தடவை இந்தூருக்குப் போடச் சொல்லியிருந்தாள். இந்தூருக்கு ரயில் இருக்கும். எந்த வீட்டில் லீவு கேட்பது, டிக்கெட்டுக்கு யாரிடம் போவது என்று மனசு ஓட ஆரம்பித்திருந்தது. போய் நேரில் நின்றால் என்ன செய்துவிடுவார்?

“இந்தூருக்குத்தானே போட்ட தம்பி?”

ஜெரால்டு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டான்.

ஊரை மாற்ற மறந்துவிட்டானாம். மாற்றாமல் விட்டால் கடை இருக்கிற இடத்தையே அது எடுத்துக்கொள்ளுமாம். இந்தப் பக்கம் லாஜ்பத் நகர், அந்தப் பக்கம் ஆர்.கே.புரம், அவ்வளவுதான் என்றான்.

“கடையைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் அக்கா. வேற எங்கயும் காட்டல.”

அப்படியென்றால் அந்த அஞ்சு கிலோமீட்டருக்குள் இருந்துதான் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அவள் எழுந்து, மறுப்பு எழுத வேண்டாம், போட்டவளே எடுத்துவிட்டாள் என்று எழுதிப் போடு, உன் கணக்காவது திரும்பட்டும் என்றாள்.

வெளியே வேலை விடுகிற நேரம். குளிருக்கு மஃப்ளர் சுற்றிய ஆம்பிளைகள் கூட்டம் கூட்டமாகச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

கோவிந்தம்மாள் முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். சுவரோரமாக, ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.