ஆர்வம் போதவில்லை

மேலே வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. கீழே கட்டம் போட்ட கைலி. சனிக்கிழமை காலை, டெல்லி முனிர்கா வீட்டு ஹாலில் செல்போன் கேமராவுக்கு எதிரே விறைப்பாக நின்றான் பெலிக்ஸ்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா பேசுங்க. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க" என்றாள் டெல்பின். நைட் டியூட்டி முடித்து வந்த நர்ஸ் அவள். தூங்க வேண்டிய நேரத்தில் கணவனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். உங்களோடு சேர்ந்து வேலை செய்ய நான் ஏன் ஆசைப்படுகிறேன் என்றால்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஆலூ லேலோ, ப்யாஜ் லேலோ" என்றது தெரு.

டெல்பின் பால்கனிக்குப் போய், "பையா, தோ மினிட் சுப் ரஹியே" என்று ரெண்டு நிமிஷம் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தாள். காய்கறி வண்டிக்காரருக்கு நல்ல மனசு. மூன்றாவது தடவை வீடியோ ஒருவழியாக முடிந்தது.

அதோடு போகவில்லை. லேப்டாப்பில் இன்னும் பதினைந்து பக்கம் படிவம் பாக்கி இருந்தது. நாலு நாளாக ஆபீஸ் விட்டு வந்ததும் இதே பிழைப்புதான்.

"அடுத்தது என்ன?" என்று எட்டிப் பார்த்த டெல்பின் வாய்விட்டுப் படித்தாள். "நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம்? காரணம் கூறுக. என்னங்க இது? சாஃப்ட்வேர் எழுதற வேலைக்கும் மிருகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"யானைன்னு போடப் போறேன். எதையும் மறக்காதுல்ல."

"கழுதைன்னு போடுங்க. நாலு நாளா பொதி சுமக்கறீங்களே."

பெலிக்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆபீஸ்ல என் நாற்காலி ஆடிக்கிட்டிருக்கு டெல்பின். திங்கக்கிழமைக்குள்ள இது அமையலன்னா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். விசாரிச்சுப் பாத்துட்டேன், இதை விட்டா வேற வழியில்ல."

அவளுக்கும் பயம்தான். அவள் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும். அதை வெளியே காட்டாமல், கோபத்தைப் படிவத்தின் மேல் திருப்பினாள்.

"இப்படியெல்லாம் கேட்டாத்தான் தகுதியான ஆளு கிடைப்பாங்கன்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ. வேலை தெரிஞ்சவன் இதைப் பாத்ததும் ஓடிப்போயிடுவான். வேற போக்கில்லாதவன்தான் உக்காந்து எழுதுவான்."

பெலிக்ஸுக்குப் புரையேறியது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

கடைசிப் பக்கம்தான் அவனைக் கவிழ்த்தது. 'உங்களிடம் வேலை பார்த்து விலகிய இருவரின் போன் நம்பர் தரவும். நாங்கள் பேசிக்கொள்கிறோம்.'

"யாரைக் குடுத்தாலும் என் மானம் போயிடும்" என்று தலையில் கை வைத்தான். ஒவ்வொரு பெயராக யோசித்து, கொஞ்சம் குறைவாகத் திட்டக்கூடிய இரண்டு பேரைத் தேடிப் போட்டான். கண்ணை மூடிச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, படிவத்தை அனுப்பினான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. கை முழுக்க மீன் குழம்பு. டெல்பின்தான் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெலிக்ஸ் சார், ப்ரணவ் பேசறேன்."

குரலுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. இந்தப் பொடியனா என் புருஷனைத் தேர்வு செய்யப்போகிறான் என்று டெல்பினுக்கு எரிச்சலாக வந்தது. பெலிக்ஸோ எச்சில் கையோடு எழுந்தே நின்றுவிட்டான்.

"சொல்லுங்க ப்ரணவ்."

"ஃபாரம் முழுக்க பாத்தேன் சார். யானை, ஞாபகசக்தி, அச்சா பாயிண்ட். வீடியோவுலதான் ஆர்வம் பத்தல."

"இன்னிக்கே வேற எடுத்து அனுப்பிடறேன்."

"ஜல்தி அனுப்புங்க. அதுல ஓகே ஆனா ரெண்டாவது ரவுண்டு."

"ரெண்டாவதா?" பெலிக்ஸ் போன் பக்கம் குனிந்தான். "திங்கக்கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமா ப்ரணவ்? மொத்தம் எத்தனை ரவுண்டு?"

"போன வருஷம் நீங்க எனக்கு வச்ச அதே ஆறு ரவுண்டுதான் சார். எல்லாத்துலயும் பாஸானீங்கன்னா, உங்க கம்பெனிக்கு வேலைக்கு வர்றேன்."